திருவருகைக் காலத்தைச் சந்தோஷமாகக் கழிப்பது எப்படி? நவம்பர் கடைசி முதல் டிசம்பர் 24 வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்ததும் நம்ம ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் ஸ்டார் ஏறிவிடும், போனில் கேரல் பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். ஆபீஸில் ஒரு கிறிஸ்மஸ், பிள்ளைகள் பள்ளியில் ஒரு கிறிஸ்மஸ், அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) ஒரு கிறிஸ்மஸ் என்று 20ஆம் தேதிக்குள் நாலைந்து கேக் வெட்டியாகிவிடும். அப்புறம் நிஜமான 25ஆம் தேதி வரும்போது வீட்டில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும், அம்மாவுக்கு இடுப்பு பிடித்திருக்கும், நடுராத்திரிப் பூசையில் பிள்ளைகள் தூங்கி வழியும். பொங்கல் பானை பொங்குவதற்கு முன்பே குலவை போட்டு முடித்துவிட்டால் பொங்கும்போது வாயில் சத்தம் இருக்குமா?

திருச்சபை கிறிஸ்மஸுக்கு முன்னால் நாலு வாரத்தைத் திருவருகைக் காலம் என்று தனியாக ஒதுக்கியிருப்பது காத்திருப்பதற்காக. அந்தக் காத்திருப்புக்கென்று ஒரு தனிச் சந்தோஷம் உண்டு, அதை நாம் பெரும்பாலும் ருசிப்பதே இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். நான் கத்தோலிக்க வீட்டுப் பழக்கத்தில் இருந்து எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்கள் பூசை என்று வரும் இடத்தில் ஆராதனை என்று வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பொருந்தும்.

முதலில் காலண்டரை எடுங்கள்

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக நெருங்கி வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதனால் எந்த வருஷமானாலும் அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் விழும். 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28. காலம் குறைந்தது 22 நாள், அதிகபட்சம் 28 நாள்.

நாலு ஞாயிறையும் வட்டம் போடுங்கள். மூன்றாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ் கலர் பேனா (2026இல் அது டிசம்பர் 13), காரணம் பின்னால் வருகிறது. பிறகு உங்கள் வீட்டின் நிஜமான டிசம்பரை அதே காலண்டரில் எழுதுங்கள்: அரையாண்டுத் தேர்வு எந்தத் தேதியில் முடிகிறது, நம் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் என்றைக்கு வருகிறது, ஆபீஸில் எப்போது லீவு கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிற வாரத்தில் ராத்திரி முழுக்கக் குடில் கட்டத் திட்டம் போட்டால் சந்தோஷம் வராது, சண்டைதான் வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கோட்டாறு சவேரியார் திருவிழாவே டிசம்பர் 3இல்தான் முடியும். அவர்கள் முதல் வாரத்தைத் தேருக்கு விட்டுவிட்டு அதற்கப்புறம் தொடங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எதை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்யுங்கள்

இந்தக் காலத்து ஞாயிறு பூசைகளில் 'வானவர் கீதம்' பாடமாட்டார்கள், கவனித்திருப்பீர்கள். ஆனால் அல்லேலூயா பாடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் இரண்டுமே கிடையாது. அதாவது இது துக்கம் கொண்டாடும் காலம் இல்லை. பெத்லகேமில் வானதூதர்கள் பாடிய அந்தப் பாட்டை மட்டும் கிறிஸ்மஸ் இரவுக்காகக் கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டிலும் இதையே செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். முதல் ஞாயிறு ஸ்டார் மட்டும். மூன்றாம் ஞாயிறுக்கு அப்புறம் சீரியல் லைட். 17ஆம் தேதியிலிருந்து குடில் வேலை. 24 இரவு குழந்தை இயேசு. உங்கள் வீட்டுக்கு வேறு வரிசை ஒத்துவந்தால் அப்படியே செய்யுங்கள், வரிசை என்று ஒன்று இருக்க வேண்டும், அதுதான் விஷயம். "லைட் எப்பப்பா போடுவீங்க?" என்று பிள்ளை நாலு நாள் கேட்டுக்கொண்டே இருப்பது தொந்தரவு மாதிரித் தெரியும். ஆனால் திருவருகைக் காலம் என்பதே அந்தக் கேள்விதான்.

ஆபீஸ் கேக்கை என்ன செய்வது என்றால், கொடுத்தால் சாப்பிடுங்கள். அதை மறுத்து நம் பக்தியைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

மெழுகுவர்த்தி வளையம்

வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்ற நாலு மெழுகுவர்த்தி வைத்த வளையம் இது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, ஆனால் வீட்டில் செய்வது அரை மணி நேர வேலை. ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம், அதில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், மணலில் நாலு மெழுகுவர்த்தி, சுற்றிலும் சவுக்கு இலையோ குரோட்டன்ஸோ எது கிடைக்கிறதோ அது. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். அந்த நிறத்தில் கிடைக்கவில்லை என்றால் வெள்ளை மெழுகுவர்த்தியின் அடியில் அந்தந்த நிற ரிப்பன் கட்டினால் தீர்ந்தது. பிளாஸ்டிக் இலை மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும். நிஜ இலையையும் காய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல நல்ல கதை இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு மர வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் 20 சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் வைத்தார். வாரநாளுக்குச் சிவப்பு, ஞாயிறுக்கு வெள்ளை. கத்தோலிக்கக் கோயில்களுக்கு இது பிறகுதான் வந்தது. நல்ல பழக்கம் எந்தச் சபையிலிருந்து வந்தால் என்ன.

எப்போது ஏற்றுவது? ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது. இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கினால் மூன்றாம் நாளே நின்றுவிடும். டியூப்லைட்டை அணைத்து, வீட்டிலேயே சின்னவர் கையால் ஏற்றச் சொல்லி, ஒரு பர்லோக மந்திரமோ (இயேசு கற்றுக்கொடுத்த செபம்) நாலு வரிப் பாட்டோ, பிறகு சாப்பாடு. முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு. நாலாம் வாரம் வரும்போது முதல் மெழுகுவர்த்தி கட்டை விரல் அளவுக்குக் கரைந்து நிற்கும், கடைசி மெழுகுவர்த்தி நெட்டையாக இருக்கும். சமமாகத் தெரியட்டும் என்று புது மெழுகுவர்த்தி மாற்றாதீர்கள். எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது அந்த உயரத்திலேயே தெரியும்.

ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம்

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம். டிசம்பர் 1இல் தொடங்கினால் 24இல் முடியும். இதைவிட எளிய வாசிப்புத் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. எந்தச் செயலியும் வேண்டாம், இன்றைக்கு என்ன தேதியோ அந்த அதிகாரம். முதல் நாள் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும், முதல் அதிகாரத்தில் 80 வசனம். ஆனால் செக்கரியா ஊமையாவது, எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளுவது, மரியாவின் பாடல் எல்லாம் அதில்தான் இருக்கிறது, அலுக்காது.

இப்படி வாசிக்கும்போது ஒரு விசித்திரம் நடக்கும். பிறப்பு 2ஆம் தேதியே முடிந்துவிடும். ஊரெல்லாம் கேக் பெட்டியோடு அலையும் 23ஆம் தேதி நீங்கள் சிலுவைச் சாவை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். சிலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான். இரண்டாம் அதிகாரத்தில் இடையர்களுக்குச் சொல்லப்படுவது பெரும் மகிழ்ச்சியூட்டும் செய்தி. கடைசி அதிகாரத்தின் முடிவில் சீடர்கள் எருசலேமுக்குத் திரும்புவதும் பெரும் மகிழ்ச்சியோடுதான். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு கண்ணீர் கிடக்கிறது என்பதை 24 நாளில் நடந்து பார்த்தபிறகு, நடுராத்திரிப் பூசையில் அந்த இடையர் வாசகம் வேறு மாதிரிக் காதில் விழும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு வாசித்துச் சரிக்கட்ட வேண்டாம். அன்றைய தேதிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் ஞாயிறு: முதல் டின் திறக்கும் நாள்

இந்த ஞாயிறுக்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர், லத்தீனில் கௌதேத்தே. இந்தக் காலத்து ஊதாவுக்குப் பதில் பூசை வைக்கும் சாமியார் ரோஸ் நிற உடை போடலாம், பல பங்குக் கோயில்களில் அந்த உடுப்பே இருக்காது, பரவாயில்லை. அன்றைக்குப் பூசைத் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவி பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் இருந்து வருகிறது: ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள் என்கிறார் பவுல், சொல்லிவிட்டு, மறுபடியும் சொல்கிறேன், மகிழுங்கள் என்கிறார். அவர் அதை எழுதியது ஜெயிலில் இருந்து. ஞாயிறு வாசகங்களின் மூன்று வருஷச் சுழற்சியில் முதல் ஆண்டில் இந்த ஞாயிறுக்கு வரும் நற்செய்தியிலும் ஒருவர் ஜெயிலில் இருக்கிறார்: திருமுழுக்கு யோவான். வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கணுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் வைத்துவிட்டுச் சபை நம் முன்னால் நிறுத்துவது இப்படிச் சந்தேகத்தில் தவித்த மனிதரைத்தான். மனசு லேசாக இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்த ஞாயிறு என்றால் இந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் என்ன செய்வது? என் யோசனை: அதுவரைக்கும் பலகாரம் கிடையாது. மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அச்சு முறுக்கு சுடுங்கள், ஞாயிறு பூசை முடிந்து வந்து முதல் டின்னைத் திறங்கள். மீதி முந்திரிக்கொத்து, கலகலா, அதிரசம் எல்லாம் அடுத்த வாரத்துக்கு.

அச்சு முறுக்கைச் சொல்லக் காரணம், அது தனியாகச் செய்யும் பலகாரம் இல்லை. ஊறவைத்து இடித்துச் சலித்த பச்சரிசி மாவு, கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள், சிட்டிகை உப்பு. தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கணும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், அப்போதுதான் மாவில் முக்கியதும் 'சுர்' என்று பிடிக்கும். முக்காவாசிதான் முக்கணும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் எண்ணெயில் எவ்வளவு ஆட்டினாலும் கழன்று வராது. முதல் இரண்டு மூன்று எப்படியும் ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். அதற்காகத்தான் அடுப்பங்கரை வாசலில் பிள்ளைகள் தட்டோடு நிற்பது. ஒருத்தர் முக்க, ஒருத்தர் எடுக்க, ஒருத்தர் ஆறவைத்து அடுக்க என்று மூன்று பேர் வேண்டும். அத்தையைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள், வீட்டு ஆண்கள் டிவியை அணைத்துவிட்டு வரட்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு பெண் தனியாக அடுப்பு முன்னால் வெந்துகொண்டிருக்கும் வீட்டில் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

பணம், துணி, பாவசங்கீர்த்தனம்: சீக்கிரம் முடிக்க வேண்டியவை

ஜவுளியை முதல் இரண்டு வாரத்துக்குள் முடியுங்கள். பட்ஜெட்டை எழுதி வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கிறிஸ்மஸ் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் முதல் பங்கை இல்லாதவர்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள், கடைசியில் மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது. சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டாம் வாரமே போய்விடுங்கள். 24ஆம் தேதி நீண்ட வரிசையில் நின்றால் உங்களுக்கும் நிதானம் இருக்காது, சாமியாருக்கும் இருக்காது.

கொடுக்கும்போது

நாங்கள் என்ன செய்யணும் என்று கேட்ட கூட்டத்துக்கு யோவான் சொன்ன பதில் லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது (டிசம்பர் 3ஆம் தேதி வாசிப்பீர்கள்): இரண்டு அங்கி இருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். இதை நாம் பழைய துணி மூட்டை கட்டுவது என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். சாயம் போன சுடிதாரைக் கொடுத்தால் நம் அலமாரி காலியாகும், அவ்வளவுதான். ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அளவு கேட்டு, நம் பிள்ளைக்கு எடுக்கும் அதே கடையில் புதுசாக எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். யாருக்கு என்பது தெரியாவிட்டால் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபைக்காரர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரியும். போட்டோ எடுக்காதீர்கள். ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பிள்ளைகள் எல்லாம் துபாயிலோ கனடாவிலோ இருக்க, இங்கே பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். வாரம் ஒரு வீடு, அரை மணி நேரம். அவர்கள் காலத்துக் கிறிஸ்மஸ் எப்படி இருந்தது என்று கேட்டால் போதும், பேச்சு தானாக ஓடும்.

கேரல் ரவுண்ட்ஸ் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பீக்கரைக் குறைத்து வையுங்கள் தம்பிகளா. ராத்திரி ஒரு மணிக்குக் கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்தோடு டிரம் அடித்து எழுப்பினால் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு நற்செய்தியாக இருக்காது. எந்த வீட்டில் முடியாதவர்கள் இருக்கிறார்களோ அங்கே சாயங்காலமே போய், டிரம் இல்லாமல், ஒரு பாட்டு பாடிவிட்டு வாருங்கள்.

சந்தோஷமே வராத வருஷத்தில்

மேலே சொன்னதெல்லாம் ஓரளவு நன்றாக இருக்கும் வீட்டுக்கு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் போடமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை என்பார்கள். கிறிஸ்மஸ் இல்லாமல் இருக்கலாம். திருவருகைக் காலம் அந்த வீட்டுக்குத்தான் முதலில் சொந்தம். வளையத்தில் திரி ஏற்ற ஸ்டாரும் வேண்டாம், புதுத்துணியும் வேண்டாம்.

நம் கடற்கரைக்கு இது நன்றாகத் தெரியும். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30இல் அடித்தது, அந்த வருஷத்துத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்தில் கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று குடும்பங்கள் காத்துக் கிடந்த நாட்கள் அவை. பல வீடுகளில் அந்தக் காத்திருப்புக்குப் பதில் வரவே இல்லை. 2023ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறன்று சென்னையில் மிக்ஜாம் புயல் மழை. மூன்றாம் ஞாயிறு, அதே மகிழ்ச்சி ஞாயிறு, டிசம்பர் 17. அன்றைக்குத்தான் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டபோது பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மகிழுங்கள் என்ற வாசகம் படிக்க வேண்டிய நாளில் வெள்ளத்தில் சோற்றுப் பாத்திரம் தூக்கி நடந்தவர்களைப் பார்த்தபிறகு, பவுல் சொன்ன மகிழ்ச்சி என்ன ரகம் என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

அப்படிப்பட்ட வீடு உங்கள் பக்கத்தில் இருந்தால் அடுத்த வருஷம் எல்லாம் சரியாகிடும் என்று சொல்லாதீர்கள். பலகாரம் கொண்டுபோகலாம், அது நம் பழக்கம்தான். அதைவிட மூன்றாம் ஞாயிறன்று சாப்பிடக் கூப்பிடுங்கள். 25ஆம் தேதி வேறொருவர் வீட்டுக் கொண்டாட்டத்தில் உட்காருவது அவர்களுக்குக் கஷ்டம், முன்னதாக ஒரு சாதாரண ஞாயிறு என்றால் வந்துவிடுவார்கள். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள்.

நீங்களே அந்த நிலையில் இருந்தால் வாசிப்பு, பலகாரம், வளையம் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விடுங்கள். எதுவுமே முடியவில்லை, தூக்கமும் சாப்பாடும் போய்விட்டது என்றால் டாக்டரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.

கடைசி எட்டு நாள்

17ஆம் தேதியிலிருந்து வழிபாட்டின் தொனி மாறும். அதுவரை வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையையும் யோவானையும் சுற்றி வரும், இனி நேராகப் பிறப்பை நோக்கிப் போகும். 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாவின் பாடலோடு ஏழு பழைய பல்லவிகள் வரும், ஒவ்வொன்றும் மெசியாவை ஒரு பெயரால் அழைத்து 'வாரும்' என்று முடியும்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. பரீட்சை முடிந்து வீட்டில் கிடக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை. ஒரு நாளைக்கு ஓர் அட்டை, ஒரு படம்: வேர், சாவி, சூரியன். அதைக் குடில் மேல் கட்டித் தொங்கவிடலாம்.

குடிலுக்குப் புல் வேண்டும் என்றால் 13, 14ஆம் தேதி வாக்கில் விதைக்க வேண்டும். அகலமான தட்டில் மணலும் தேங்காய் நாரும் கலந்து பரப்பி, ஒரு ராத்திரி ஊறிய கேழ்வரகைத் தூவி, இரண்டு நாள் ஈரத்துணி போட்டு மூடுங்கள். முளை வெள்ளையாக எட்டிப்பார்த்ததும் துணியை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் வையுங்கள். தண்ணீரைத் தெளிக்கணும், ஊற்றக் கூடாது, மழை மாதத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் ஒரு பக்கமே அடித்தால் பயிர் அந்தப் பக்கமே சாயும், அதனால் தினம் தட்டைத் திருப்பி வையுங்கள். 24க்குள் விரல் உயரத்துக்கு வந்துவிடும். பிள்ளைகள் காலையில் பல் தேய்க்கும் முன்னால் போய்ப் பார்ப்பார்கள்.

மாடு, ஆடு, இடையர் எல்லாம் ஒவ்வொரு நாளாகக் குடிலுக்கு வரட்டும். மரியாவும் யோசேப்பும் வீட்டின் இன்னொரு மூலையிலிருந்து தினம் கொஞ்சம் நகர்ந்து வரட்டும், டிவி ஸ்டாண்டில் இருந்து புறப்பட்டு ஃபிரிட்ஜ் வழியாக வந்தாலும் தப்பில்லை. மூன்று ஞானிகளை இப்போதே உள்ளே விடாதீர்கள், அவர்கள் குழந்தையைப் பார்க்க வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவுக்குத்தான்.

24 அன்று மதியத்துக்கு மேல் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். பிரியாணிக்கு வேண்டியதை நறுக்கி வைத்துவிட்டு எல்லோரும் ஒரு மணி நேரம் படுங்கள், பிள்ளைகளையும் படுக்க வையுங்கள், அப்போதுதான் பூசையில் 'வானவர் கீதம்' வரும்போது முழித்திருப்பார்கள். குழந்தை இயேசு சுரூபம் எங்கே இருக்கிறது என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். போன வருஷப் பெட்டியில் வைக்கோலுக்கு அடியில்தான் எப்படியும் கிடக்கும், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு தேட வேண்டாம். அப்புறம், ஸ்டாரை 26ஆம் தேதியே இறக்கிவிடாதீர்கள். கிறிஸ்மஸ் காலம் ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை இருக்கிறது.